யு.டி.ஆருக்கு முன், யு.டி.ஆருக்குப் பின்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பத்திரம் பார்க்கிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் யு.டி.ஆர். "அது யு.டி.ஆர். தப்புங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கென்னவோ அதைக் கேட்டால் டேட்டாபேஸ் வெர்ஷன் அப்கிரேடுதான் ஞாபகம் வரும்.

நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது அதன் தமிழ்ப் பெயர். வருவாய்த் துறை 1979இல் தொடங்கி 1987இல் முடித்தது. அதுவரை பட்டா தாத்தா பெயரில் இருக்கும். நிலத்தை மூன்று பேரன்கள் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து, உட்பிரிவு போட்டு, தனிப்பட்டா கொடுத்தார்கள். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. பழைய 120/2, புதுக் கணக்கில் 120/2ஏ, 2பி என்று உடையும். மறுஅளவை நடந்த ஊரில் எண்ணே மாறிப்போகும்.

இந்த வேலை பாதியில் இருக்கும்போதுதான், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஊர்க்கணக்கு சில குடும்பங்களின் சொத்தாக இருந்ததை உடைத்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் எந்த எண் எந்த வரப்பு, யார் யாருக்கு வாய்வழியாக விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் கர்ணத்தின் தலையில் இருந்தது. அதை யார் எழுதி வாங்கினார்கள்?

மிஞ்சியது 'அ' பதிவேட்டில் 'பழைய புல எண்' என்ற ஒரு பத்தி. எது எதுவாக மாறியது என்று அது சொல்லும். ஏன் மாறியது, ஒரு பெயர் ஏன் விடுபட்டது என்று சொல்லாது.

போஸ்ட்கிரஸ் 10 (2017) வந்தபோது 'எக்ஸ்லாக்' கோப்புறைக்கு 'வால்' என்று பெயர் மாற்றினார்கள். வெறும் லாக்தானே என்று நினைத்துச் சிலர் அதை அழித்துத் தரவையே இழந்துகொண்டிருந்தார்கள், அதனால் மாற்றினோம் என்று காரணத்தையும் சொன்னார்கள். பழைய ஸ்கிரிப்ட் உடைந்தவனுக்குக்கூடக் கோபம் சீக்கிரம் தணிந்திருக்கும்.

கரம்பாகக் கிடந்தவரை விடுபட்ட பெயரை யாரும் தேடவில்லை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது, 1998இல் கார் வெளியே வந்தது, பிறகு ஒரகடம் வரை சிப்காட் நீண்டது. நிலம் எடுக்கும்போது அதிகாரி கையில் எடுப்பது வருவாய்க் கணக்கைத்தான். அதில் பெயர் இல்லாத பேரன், வரப்பைக் காலால் அளந்து காட்டத் தெரிந்தவனாக இருந்தாலும், மாவட்ட வருவாய் அலுவலரிடமோ சிவில் கோர்ட்டுக்கோதான் அலைய வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதிவுத் துறை தனித் துறை. பத்திரங்களில் பழைய எண்ணே தொடர்ந்து எழுதப்பட்டது உண்டு. ஆகவே அந்தப் பக்கம் இடம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றைப் பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி, பரப்பை சென்ட்டில் கூட்டிப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் 247 சென்ட்.