சத்திரத்துச் சோறு

சத்திரம் என்பது வழிப்போக்கர் காசு கொடுக்காமல் தங்கவும் உண்ணவும் அறமாக நிறுவப்பட்ட இடம். அதற்கென எழுதிவைத்த நிலத்தின் வருவாயில் அது நடந்தது. தமிழகம் முழுவதும் சத்திரங்கள் இருந்தன. ஒட்டன்சத்திரம், சேதுபாவாசத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் அவற்றின் தடம் இன்றும் உள்ளது. ஆயினும் அரசே முன்னின்று, ஒரு பெருவழி நெடுகத் திட்டமிட்டுச் சத்திரங்களை நடத்தியதற்குத் தஞ்சை மராட்டியர் ஆட்சி (1676–1855) சிறந்த சான்று. முகம் தெரியாதவருக்குச் சோறிடும் வழக்கம் எப்படி நிலத்தோடும் நிர்வாகத்தோடும் பிணைந்தது, பின் எப்படி அவற்றிலிருந்து பிரிந்தது என்பதைத் தஞ்சைச் சத்திரங்களின் வரலாறு காட்டுகிறது.

முன்னோடிகள்

சோற்றுக்கொடைக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் அட்டிற்சாலைகளையும் அங்கே வடித்த கஞ்சி தெருவில் ஓடியதையும் பேசுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் ஏந்திய துறவி மணிமேகலை, ஊர்ப் பொது அம்பலமான உலக அறவியில் ஆதரவற்றோருக்கும் நோயாளிகளுக்கும் உணவளிக்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி மன்னனிடம் கேட்டுப் பெறுகிறாள். பசித்தவர் யாராயினும் உணவுக்கு உரியவர் என்பது பௌத்த சமயம் சார்ந்த அக்காப்பியத்தின் உறுதியான நிலைப்பாடு.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தக் கொடை நிர்வாக வடிவம் பெறுகிறது. உணவளிக்கும் இடம் சாலை எனப்பட்டது. அதற்கு விடப்பட்ட நிலம் சாலாபோகம். ஆனால் அங்கே உண்டவர்களில் பெரும்பாலோர் பிராமணர், சிவயோகியர், அடியார் ஆகியோர். வெளியூரிலிருந்து வந்த புதியவரும் ‘அபூர்விகள்’ என்ற பெயரில் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறார்கள். அவர்களும் பெரும்பாலும் வேதம் கற்றவர்களே. வந்தவர் எல்லாருக்கும் சோறு என்ற கொள்கை இலக்கியத்தில் விரிந்திருந்த அளவுக்குக் கோயில் கணக்கில் விரியவில்லை.

பிற்கால மரபு வகுத்த முப்பத்திரண்டு அறங்களின் பட்டியல் இதைவிட அகன்றது. ஆதுலர்க்குச் சாலை, அறவைச்சோறு, சிறைச்சோறு, தண்ணீர்ப்பந்தல், மகப்பெறுவித்தல், அநாதைப் பிணம் சுடுதல் எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் பலவும் பின்னாளில் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த இடம் சத்திரம்.

சேதுவுக்குப் போகும் வழி

சத்திரங்கள் பெருகியதற்கு முதன்மைக் காரணம் யாத்திரை. காசிக்கும், சேது எனப்படும் இராமேசுவரத்துக்கும் இடையே மக்கள் மாதக்கணக்கில் கால்நடையாகவே போய்வந்தார்கள். வழியில் கையிருப்பு தீரும், நோய் வரும், கூட வந்தவர் இறந்துபோவார். ஊரில் வீடும் நிலமும் உள்ளவர்கூட வழியில் வீடற்றவராகவே இருந்தார். மதுரை நாயக்கர் ஆட்சியில் ராணி மங்கம்மாள் சாலைகளோடு சத்திரங்களையும் அமைத்ததாகப் புகழ் பெற்றவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தஞ்சை மராட்டியர் இந்த ஏற்பாட்டைச் சேதுவுக்குப் போகும் வழியில் தொடர்ச்சியாகச் செய்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் எனச் சேதுவை நோக்கிச் சத்திரங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றுள் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் அமைந்தவை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் விருப்பத்தை நிறைவேற்ற ஒரத்தநாட்டுச் சத்திரத்தைக் கட்டினார். ஊரே முக்தாம்பாள்புரம் என்று பெயர் பெற்றது.

சத்திரத்துக்கு ஊர்களின் வருவாய் மானியமாக விடப்பட்டது. நெல் அந்த நிலங்களிலிருந்தே வந்ததால், அரசன் மாறினாலும் கருவூலம் வற்றினாலும் அடுப்பு எரிய வழி இருந்தது. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசி, பருப்பு முதலிய உலுப்பை அளக்கப்பட்டது.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

இந்தச் சத்திரங்களில் நடந்ததைப் பற்றி மிக விரிவாகப் பேசும் சான்று, இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது; கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னரிடம் எஞ்சின. சத்திர மானியங்களும் கம்பெனியிடம் போனால் முன்னோர் செய்த அறம் தடைப்படும் என்று அஞ்சிய மன்னர், அவை எப்படி நடக்கின்றன என்பதை விளக்கி எழுதினார்.

அக்கடிதத்தின்படி, பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கரும், ஜோகி, ஜங்கமர், பைராகி முதலிய எல்லா வகைப் பரதேசிகளும் அங்கே உணவு பெற்றார்கள். சோறிடுதல் நள்ளிரவு வரை நீடித்தது. அதன்பின் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைத்தார்கள். மேற்கொண்டு பயணம் செய்ய முடியாதவர் அங்கேயே இருந்து உண்ண இடம் இருந்தது.

சோற்றோடு வேறு பணிகளும் இருந்தன. நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருந்து தரும் வைத்தியர்கள் இருந்தார்கள். நோயுற்ற வழிப்போக்கருக்கு மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும்வரை பார்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. வழியில் பேறுகாலம் நேர்ந்த பெண்ணைச் சொந்த வீட்டில் கவனிப்பதுபோல் கவனித்து, பிள்ளை பெற்ற பின்னும் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். இறந்தவருக்கு அவரவர் சாதி வழக்கப்படி இறுதிச் சடங்கு நடந்தது. பெற்றோரை இழந்த வழிப்போக்கர் பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டார்கள். மூன்று வேளைச் சோறு, உடை, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய கல்வி, படிப்பு முடிந்தபின் திருமணச் செலவு ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன.

இது தம் அறத்தைக் காத்துக்கொள்ள விரும்பிய மன்னர் எழுதியது என்பதை மறக்கலாகாது. எல்லாச் சத்திரத்திலும் எந்நாளும் இவை அனைத்தும் குறைவின்றி நடந்தன என்று அதைக்கொண்டு முடிவு செய்ய முடியாது. ஆனால் நல்ல சத்திரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அக்காலம் கருதியதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. வந்தவர் ஏழையா, உழைக்கக்கூடியவரா, உதவிக்குத் தகுந்தவரா என்ற விசாரணை அந்த வருணனையில் எங்கும் இல்லை. நள்ளிரவில் அடிக்கும் மணி, பசித்தவரைத் தேடி அழைப்பதற்கானது.

அதே நேரத்தில், எல்லாருக்கும் சோறு என்பது எல்லாருக்கும் ஒரே பந்தி என்று பொருள்படவில்லை. உலுப்பையும் இறுதிச் சடங்கும் சாதி ஆசாரத்தை ஒட்டியே வகுக்கப்பட்டன. யாரையும் பட்டினி போடக் கூடாது என்பதில் விரிந்த மனம், யார் யாரோடு உண்பது என்பதில் விரியவில்லை.

கஞ்சித்தொட்டியும் பஞ்சமும்

இதே காலத்தில் சென்னையில் வேறு வகையான உணவுச்சாலை தோன்றியது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் சென்னையைச் சுற்றிய பகுதியில் ஊர்கள் அழிந்து, பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் நகருக்குள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்காக 1782இல் வடசென்னையில் கஞ்சி ஊற்றும் நிலையம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற அதன் பெயர் ஆங்கிலேயர் வாயில் மோனேகர் சவுல்ட்ரி ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே சிகிச்சை நிலையம் தொடங்கினார். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழிவந்தது. அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் வெகுகாலம் அழைத்தார்கள்.

தஞ்சைச் சத்திரம் வழிப்போக்கரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. கஞ்சித்தொட்டி, திரும்பிப் போக ஊரில்லாதவர்களுக்காகப் பிறந்தது. நெருக்கடி வந்தால் திறப்பது, தணிந்தால் மூடுவது என்ற முறை பின்னர் பஞ்ச நிவாரணத்தின் முறையாகவே ஆனது. 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் உடல்வலு உள்ளவர் வேலை செய்தால்தான் கூலி. முடியாதவருக்கு மட்டும் இலவச உணவு. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்த திட்டப்படி வேலை செய்யும் ஆணின் ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அந்த அளவு உயிரைக் காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக வாதிட்டார். பசித்தவர் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி இவ்வாறு அரசு நடைமுறையில் வேரூன்றியது.

வடலூர்

இவ்விரண்டு முறைகளிலிருந்தும் மாறுபட்டது வடலூர். இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் மக்கள் அளித்த சுமார் 80 காணி நிலத்தில் சாலை அமைந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது அங்குள்ளோர் போற்றும் மரபு. பசி நீக்குவதையே வழிபாட்டின் சாரமாகக் கொண்ட அடிகள், சாதி, சமயம், ஊர் ஆகிய வேறுபாடுகளைச் சோறிடுமிடத்தில் பார்க்கலாகாது என்றார். தஞ்சைச் சத்திரம் தீர்க்காமல் விட்ட பந்திக் கேள்விக்குக் கொள்கை அளவில் விடை சொன்னது வடலூர். அரச மானியமின்றி மக்கள் கொடையால் நடந்தது அதன் மற்றொரு தனித்தன்மை.

ரயிலும் போர்டும்

1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கே ரயிலில் போக முடிந்தது. மாதக்கணக்கான நடைப்பயணம் சில நாள் பயணமாகச் சுருங்க, சேது வழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே ராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது போல, புதிய சத்திரங்கள் ரயிலடியைத் தேடிப் போயின.

நிர்வாகமும் மாறியது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாவது ரெகுலேஷன் சத்திர மானியங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1855இல் ஆண் வாரிசின்றித் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி இறந்தார். தஞ்சை அரசு முடிந்தது. 1871ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்துக்குப் பின் சத்திரங்கள் உள்ளாட்சி வாரியங்களிடமும், காலப்போக்கில் மாவட்ட போர்டிடமும் வந்தன. மானிய வருவாயில் ஒரு பங்கு கல்விக்குத் திரும்பியது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இலவச மாணவர் விடுதிகள் நடந்தன. திருவையாற்று வடமொழிக் கல்லூரியும் சத்திர நிதியில் இயங்கியது.

பழைய பந்திக் கேள்வி இங்கே விடுதிக் கேள்வியாகத் திரும்பி வந்தது. 1920களில் தஞ்சை மாவட்ட போர்டின் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி.பன்னீர்செல்வம் காலத்தில் பிராமணரல்லாத மாணவருக்கும் விடுதிகளில் இடம் கிடைத்தது. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் படிப்பும் சேர்ந்தது. பொது அறத்தின் பயன் யாருக்கு என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் விவாதிக்கும் காலம் அப்போது வந்துவிட்டது.

பிற்காலம்

சுதந்திரத்துக்குச் சற்று முன் பார்வை வேறு திசையில் திரும்பியது. 1945ஆம் ஆண்டுச் சென்னை பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தெருவில் கையேந்துவதைக் குற்றமாக்கி, பிடிபட்டவரைக் காப்பு இல்லத்துக்கு அனுப்ப வழி செய்தது. பரதேசி என்று மதித்து அழைக்கப்பட்டவரும் பிச்சைக்காரர் என்று விரட்டப்பட்டவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே ஆனார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் ஓர் ஆணை பிறப்பித்தது: நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் இல்லங்கள் இரவும் பகலும் இயங்க வேண்டும். தமிழகக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. 2013இல் சென்னையில் திறந்த அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது.

தஞ்சைச் சத்திர நிலங்களையும் கட்டடங்களையும் இன்று மாவட்ட ஆட்சியரின் கீழுள்ள தனி நிர்வாகம் கவனிக்கிறது. பல கட்டடங்கள் சிதைந்துள்ளன. சில பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் பயன்பட்டன. சத்திரம் ஒரே வாசலில் தந்த சோறு, படுக்கை, மருந்து, பேறுகாலப் பராமரிப்பு, அநாதைப் பிள்ளைகளின் கல்வி ஆகியவை இப்போது வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு திட்டங்களாக நடக்கின்றன. நிலத்தின் நிலையான வருவாய்க்குப் பதில் ஆண்டு நிதி ஒதுக்கீடு வந்துள்ளது. சாதி பார்த்துப் பந்தி பிரிப்பதைச் சட்டம் தடுக்கிறது.