பூட்டு சாவிக்குள் அடங்காத புரதங்கள்

1894-ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன ஓர் உவமை, உயிர்வேதியியலை ஏறக்குறைய நூறு வருஷம் கட்டி ஆண்டது. நொதி ஒரு பூட்டு, அது பிடிக்கும் பொருள் சாவி. இரண்டின் வடிவமும் பொருந்தினால்தான் வேலை நடக்கும். 1958-ல் ஜான் கெண்ட்ரூ குழு, எக்ஸ்ரே கதிர்களை வைத்து மயோகுளோபின் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் காட்டியதும் கொஞ்சநஞ்ச சந்தேகமும் போச்சு. வடிவம் இல்லாத புரதத்துக்கு வேலை இல்லை.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. எக்ஸ்ரே முறைக்குப் படிகம் வேணும். நிலையா நிற்காமல் நெளிந்துகொண்டே இருக்கும் புரதம் லேசில் படிகமாகாது. படிகமான புரதங்களிலும் சில பகுதிகள் படத்தில் விழாது. அதை "தெரியவில்லை" என்று விட்டுவிட்டு மேலே போனார்கள். என்னைக் கேட்டால், எதைப் பார்க்கணும் என்பதைக் கருவியே முடிவு பண்ணிய கதை இது.

இத்தனைக்கும் தடயம் அடுப்பிலேயே இருந்தது. முட்டை வெள்ளைக்கரு சூடானால் அதன் புரதங்களின் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகிறது. பால் கொதித்தாலும் அதிலுள்ள கேசின் அப்படித் திரள்வதில்லை. அதுக்கு உறுதியான மடிப்பே கிடையாது, குலைய என்ன இருக்கு?

1996-ல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் கிரிவாக்கி, பீட்டர் ரைட் முதலானோர் பி21 என்ற புரதத்தை என்.எம்.ஆர். கருவியில் ஆராய்ந்தார்கள். செல் பிரிவதற்கு பிரேக் போடும் புரதம் அது. சிடிகே எனப்படும் நொதிகளைப் பிடித்து நிறுத்தும். தனியாக இருக்கும்போது அதுக்கு நிலையான வடிவம் எதுவும் இல்லை. சாம்பிள் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அதே புரதம் சிடிகே2 நொதியை ஜோராக நிறுத்தியது, அதனுடன் சேரும்போது மட்டும் மடிந்து ஒழுங்கானது! ஒரே புரதம் பல சைக்ளின்–சிடிகே ஜோடிகளோடு ஒட்ட முடிவதற்கு இந்த நெளிவுதான் காரணம் என்று எழுதினார்கள். அதே வருஷம் வெளியான ஒரு படிகப் படத்தில், பி21-இன் பங்காளியான பி27 சைக்ளின்–சிடிகே ஜோடியின் மேல் கொடி மாதிரி நீளமாகப் படர்ந்திருந்தது.

இப்படிச் சேர்ந்து மடிவதற்கு ஒரு விலை உண்டு. நெளிவை இழப்பதற்கான ஆற்றல், பிணைப்பின் பலத்திலிருந்து கழிந்துவிடும். அதனால் சரியான ஆளைப் பிடிக்கவும் முடியும், வேலை முடிந்ததும் விட்டுவிடவும் முடியும். செல்லுக்குள் சேதி கடத்தும் புரதங்களுக்கு இது ரொம்ப வசதி.

சரி, சேர்ந்த பிறகாவது மடியணுமே? அதுவும் கட்டாயமில்லை. 2018-ல் புரோதைமோசின் ஆல்ஃபா, ஹிஸ்டோன் எச்1 என்ற இரண்டு புரதங்களைப் பற்றிய ஆய்வு வந்தது. முன்னதில் எதிர்மின்னூட்டம் ஏராளம், பின்னதில் நேர்மின்னூட்டம். இரண்டும் அசாத்திய இறுக்கத்தோடு பிணைகின்றன, பிணைந்த பிறகும் நெளிந்துகொண்டேதான் இருக்கின்றன.