பெயர் இல்லாமல் இருந்த புலன்

கண்களை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் உங்கள் மூக்கின் நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? கண் பார்க்கவில்லை, காதுக்கும் இதில் வேலை இல்லை, விரல் போய்ச் சேரும் வரை தோலுக்கும் வேலை இல்லை. அப்படியென்றால் மூக்கு எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது?

பள்ளியில் நாம் படித்த ஐம்புலன்களில் இதற்கு விடை இல்லை. ஆறாவது அறிவு என்றால் நமக்குப் பகுத்தறிவுதான் நினைவுக்கு வரும். ஆனால் உடலுக்கு ஆறாவதாக, ஏழாவதாகக்கூடப் புலன்கள் உண்டு. ஒன்று, கை கால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தசைகளும் மூட்டுகளும் சொல்லும் உணர்வு. இன்னொன்று, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, சுற்றுகிறது என்று உள்காது சொல்லும் சமநிலை உணர்வு. இவை இரண்டும் ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை. அதனாலேயே மனிதன் இவற்றைக் கவனிக்கவில்லை. இவற்றை இழந்தவர்கள்தான் இவை இருப்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தார்கள்.

ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர் சார்லஸ் பெல் 1826-ல் ஒரு கருத்தைச் சொன்னார். மூளை தசைக்குக் கட்டளை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. தசையும் தன் நிலையை மூளைக்குத் திருப்பி அனுப்புகிறது, இது ஒரு வட்டம் என்றார். அவர் எழுதி வைத்த ஒரு தாயின் கதை உருக்கமானது. நோயால் அந்தத் தாயின் ஒரு கையில் பலம் போய்விட்டது. மறு கையில் பலம் இருந்தது, உணர்வு இல்லை. பலமுள்ள கையால் குழந்தையை ஏந்திப் பால் கொடுப்பார். குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும் வரை கை உறுதியாக இருக்கும். கவனம் வேறு பக்கம் திரும்பினால் கை மெல்லத் தளர்ந்து, குழந்தை நழுவத் தொடங்கிவிடும்!

1840-களில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் இதையே வேறு விதமாகக் கண்டார். தண்டுவடத்தின் பின்பகுதி பழுதான நோயாளிகள் கண் திறந்திருந்தால் நேராக நிற்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார்கள். நாம் நிற்பதற்குக் கண், உள்காது, தசை ஆகிய மூன்றும் உதவுகின்றன. தசையிலிருந்து செய்தி வராதபோது கண்ணையும் மூடிவிட்டால் மீதமுள்ள ஒன்றால் மட்டும் சமாளிக்க முடிவதில்லை. அவர் பெயரிலேயே உள்ள இந்தச் சோதனையை நரம்பு மருத்துவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

காதின் கதை வேறு வழியில் வந்தது. 1820-களில் பிரான்சில் ஃப்ளோரன்ஸ் என்பவர் புறாக்களின் உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களுக்குக் காது கேட்டது. ஆனால் நிலைகொள்ளாமல் சுழன்றன. பின்னர் வியன்னாவில் ராபர்ட் பாரனி நோயாளிகளின் காதுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது அவர்களுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீர் விட்டால் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன, சூடான நீர் விட்டால் மறுபக்கமாகத் துடித்தன. வெப்பநிலை மாறும்போது குழாய்க்குள் இருக்கும் திரவம் நகர்வதுதான் காரணம் என்று விளக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார் என்பது இன்னொரு ஆச்சரியம். 1916-ல்தான் விடுதலையானார்.

தசை உணர்வுக்கு இன்று நாம் சொல்லும் பெயரைத் தந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். தசைக்குள் இருக்கும் கதிர் வடிவ நுண்ணுறுப்புகள் உணர்வு உறுப்புகளே என்று 1894-ல் நிரூபித்தவரும் அவர்தான். 1906-ல் வெளிவந்த அவரது நூல் 'புரோப்ரியோசெப்ஷன்' என்ற சொல்லை நிலைநிறுத்தியது. 'தனக்குரியது' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் உடலைத் தானே உணர்தல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்த பிறகு உடற்பயிற்சித் துறைக்கும் இதனால் பயன் கிடைத்தது. கணுக்கால் ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு அதே கால் மறுபடி மறுபடி பிசகுவதைப் பார்த்திருப்பீர்கள். லண்டனில் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1965-ல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். சுளுக்கில் தசைநார் மட்டும் கிழிவதில்லை. அதிலுள்ள நரம்பு நுனிகளும் சேதமாகின்றன, அதனால் பாதத்தின் நிலை பற்றிய செய்தி சரியாக வருவதில்லை என்றார்கள். சாயும் பலகையின் மேல் நின்று பயிற்சி செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்தது. இன்று ஜிம்களில் ஆடும் பலகையிலும் ஒற்றைக் காலிலும் நிற்கச் சொல்வதற்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

சரி, பெரியவர்களுக்கு நோய் வந்தால், கால் சுளுக்கினால் கவனிக்க ஆள் இருந்தார்கள். குழந்தைகளுக்கு?

ஓடும்போது எதிலாவது இடித்துக்கொள்ளும் குழந்தை, பென்சிலை அழுத்தி அழுத்தி முனையை ஒடிக்கும் குழந்தை, ஊஞ்சலைக் கண்டாலே அலறும் குழந்தை, எவ்வளவு சுற்றினாலும் தலைசுற்றாமல் இன்னும் சுற்றும் குழந்தை... இவர்களை நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் என்னவென்று அழைக்கிறோம்? முரடு, சோம்பேறி, பயந்தாங்கொள்ளி. அடியும் உண்டு.

இந்தக் குழந்தைகளை வேறு கண்ணோடு பார்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் (1920-1988). ஆக்குபேஷனல் தெரபிஸ்டான அவர் 1972-லும் 1979-லும் எழுதிய நூல்களில், காது, தசை, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒன்றாகக் கோக்க வேண்டும்; சில குழந்தைகளுக்கு அந்தக் கோப்பு சரியாக அமைவதில்லை என்றார். அவர் தந்த சிகிச்சை பார்ப்பதற்கு விளையாட்டுப் போலவே இருக்கும். ஊஞ்சல் உண்டு, சக்கரப் பலகையில் குப்புறப் படுத்துச் சரிவில் உருளுவது உண்டு.

ஏயர்ஸ் சொன்னது எல்லாம் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல், புலன் செயலாக்கக் குறைபாடு என்பதைப் பொதுவாகத் தனி நோயாகக் குறிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆட்டிசம், கவனக்குறைவு, பதற்றம் போன்றவற்றிலும் இதே அறிகுறிகள் வரலாம். அவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பது காரணம். சிகிச்சைக்கான ஆய்வுகள் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவும் கேட்டுக்கொண்டது. அதே சமயம் 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ஒலி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது. ஆக, குழந்தைகளின் சிரமம் உண்மை. அதை எப்படி வகைப்படுத்துவது, எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் விவாதம்.

அந்தச் சிரமம் எவ்வளவு உண்மையாக இருக்கக்கூடும் என்பதற்கு 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். ஒரு சிறுமி, ஓர் இளம்பெண் ஆகிய இருவருக்கும் 'பியெசோ2' என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கண்ணைக் கட்டியதும் தடுமாறினார்கள். இது மிக அரிதான நிலை. தடுமாறும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த பியெசோ வகையைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியன் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெல் காலத்திலிருந்து கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் புலனின் மரபணுவரை வந்துவிட்டோம். ஆனால் தட்டுத் தடுமாறும் பிள்ளையைப் பார்த்ததும் "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றுதான் இன்னும் கேட்கிறோம். அந்தப் பிள்ளையின் கண்ணில் குறையே இல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை திட்டுவதற்கு முன், எப்போதெல்லாம் விழுகிறான், எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்று நான்கு நாள் கவனித்துக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கலாம். திட்டுவதைவிட அது பயனுள்ள வேலை.