பல்கலைக்கழக மாணவர் உதவிப்பணம்: களுவாஞ்சிக்குடி வட்டாரம்

வீட்டு வருமானம் போதாத பல்கலைக்கழக மாணவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத வகையில் வழங்கப்படும் பணத்தை இலங்கையில் பொதுவாகப் புலமைப்பரிசில் என்பர். மாணவர் வாயில் அது ‘மகாபொல’, ‘பேர்சரி’ என்ற இரண்டு சொற்களாகவே புழங்குகிறது. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள களுவாஞ்சிக்குடியிலும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை ஊர்களிலும் பட்டதாரிகளான பலரின் படிப்பு இப்பணத்தில்தான் நடந்தது. ஆனால் இவ்வட்டாரத்தில் அதன் வரலாற்றைப் பணத்தின் வரலாறாக மட்டும் எழுத முடியாது. பல்கலைக்கழக வாசலுக்குள் யாரை விடுவது என்ற இழுபறியும் வாவியின் இரு கரைகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

குடியேற்றக் காலத்தில் உதவி என்பது திறமைக்கான பரிசாகவே இருந்தது. 1870இல் தொடங்கிய அரசாங்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில், தேர்வில் முதலிடம் பெற்ற ஓரிருவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. அந்தத் தேர்வுவரை போய்ச் சேர ஆங்கிலப் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். மெதடிஸ்த மிஷன் 1814இலேயே மட்டக்களப்பில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியிருந்தாலும், கட்டணமும் நகரில் தங்கும் செலவும் பெருநிலக்காரரான போடியார் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டின. அவர்களின் வயலில் வேலை செய்த முல்லைக்காரரின் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. இந்த இடைவெளியைக் கையில் எடுத்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947). கல்லடி உப்போடையில் 1929இல் அவர் திறந்த சிவானந்த வித்தியாலயமும் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமும் ஏழைப் பிள்ளைக்குப் பாடத்தோடு சோறும் படுக்கையும் கொடுத்தன. கல்வி உதவி என்பது வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இப்பகுதியில் நிறுவன வடிவில் அவர் செய்து காட்டினார்.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றானது. இது பெரிய திருப்பம்; அதே வேளையில் ஒரு புதிய கேள்வியையும் எழுப்பிவிட்டது. கட்டணம் போனாலும் பல்கலைக்கழகத்துக்குப் புகையிரதம் ஏறும் காசு, விடுதிச் சாப்பாடு, புத்தகம் எல்லாம் குடும்பத்தின் தலையிலேயே நின்றன. இதன் பின்னர் வந்த உதவித் திட்டம் ஒவ்வொன்றும் இலவசக் கல்வி தொடாமல் விட்ட இந்தச் செலவுகளுக்கானதே.

பணத்துக்கு முன்னால் இடத்துக்கான போராட்டம் வந்தது. 1970இல் அறிமுகமான மொழிவாரித் தரப்படுத்தலால், மருத்துவபீடம் புகத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தபோது சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. ஒரே தேர்வு, ஒரே பீடம், இரண்டு வாசல். இந்த அநீதி ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. 1974இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணம் இழந்தது, ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் குறைந்த மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களுக்குக் கதவு சற்றுத் திறந்தது. தமிழர் வரலாற்றில் தரப்படுத்தல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இரண்டையும் போட்டு மூடிவிடும் வழக்கம் உண்டு. கிழக்கைப் பற்றி எழுதும்போது அப்படி மூடுவது பிழையாகும்.

இன்றைய விதி இந்தக் கோட்டாவிலிருந்து திருந்தி வந்தது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோலுக்கு வாவி தெரிவதில்லை. களுவாஞ்சிக்குடியில் தேசிய பாடசாலையும் தனியார் வகுப்புகளும் ஆதார வைத்தியசாலையும் பிரதான வீதியும் உண்டு. குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனும் மிதவையில் ஏறி மண்டூருக்கோ, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கமோ போனால் உயர்தர விஞ்ஞான வகுப்பே அரிது. கடலோரமான எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளையும், அந்த வயல் ஓரத்திலேயே குடியிருக்கும் குடும்பத்தின் பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குள் நிற்கிறார்கள். வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகமும் இதே மாவட்டக் கணக்கில்தான் சேர்கிறது. பழங்குடியினர் என்ற பெயரில் தனி அனுமதியோ தனி உதவிப்பணமோ அதற்கு இல்லை.

மகாபொல 1980களின் வாசலில் வந்தது. வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி ஊரூராக நடத்திய வர்த்தகக் கண்காட்சிகளே அதன் முதல் ஊற்று. சிங்களத்தில் ‘பொல’ என்றால் சந்தை. பெருஞ்சந்தை என்பதுதான் மகாபொல. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டம் அதனைப் பிரதம நீதியரசர் தலைமையிலான நம்பிக்கை நிதியமாக்கியது. பிறகு அபிவிருத்தி லொத்தர் வருமானமும் சேர்ந்தது. திறமை, சாதாரணம் என அதற்கு இரண்டு வகை: முன்னது உயர்தரப் பெறுபேற்றுக்கு, பின்னது வருமானக் குறைவுக்கு. மகாபொல கிடைக்காதவருக்குப் பல்கலைக்கழகம் வழியாக வருவது பேர்சரி. இரண்டையும் ஒருவர் பெற முடியாது.

அதே 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு இனித் தொலைதூரப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே வழியல்ல. பஸ் ஏறிப் போகும் தூரத்திலும் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் உள்நாட்டுப் போரால் 1990இல் அந்த வளாகமே பல்லாயிரம் பேரின் அகதிமுகாமாயிற்று. போரில் உழைப்பாளியை இழந்த வீடுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத்தின் தோணியையும் வலையையும் வாரிக்கொண்டு போனது.

இந்த இழப்புகள் எல்லாம் விண்ணப்பப் படிவத்தில் ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும்: பெற்றோரின் ஆண்டு வருமானம். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். சம்பளச் சீட்டு உள்ள ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ அந்தக் கட்டத்தை நிரப்புவது எளிது. மழையை நம்பிப் பெரும்போக வேளாண்மை செய்து, வெள்ளம் வந்தால் முதலும் போய்விடும் வயற்காரருக்கு எந்த ஆண்டின் வருமானத்தை எழுதுவது? வாவியில் வலை வீசுபவரின் வருமானம் நாளுக்கு நாள் மாறும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பும் பணத்தில் பாதி பழைய கடனுக்குப் போய்விடும். வருமானச் சான்று பொய்யைத் தடுக்கத் தேவையானதுதான். ஆயினும் ஒழுங்கான சிறிய சம்பளத்தையும் ஒழுங்கற்ற வறுமையையும் அது ஒரே தராசில் நிறுக்கிறது.

அரச உதவிப்பணம் இனம் பார்ப்பதில்லை. வேறு சில நாடுகள் மாற்று வழியில் சென்றன. இந்தியாவில் 1944இல் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பின்னர் பழங்குடியினருக்கும் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை வந்தது. ஆஸ்திரேலியா 1969இல் பூர்வகுடி மாணவருக்கெனத் தனி உதவித்திட்டம் தொடங்கியது. இலங்கையில் இதற்கு மிக நெருங்கியது, இந்திய அரசின் ஆதரவில் 1940களில் உருவான தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். அது மலையகப் பிள்ளைகளுக்குரியது. கிழக்கில் அந்த இடத்தைக் கோவில் பரிபாலன சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் ஊரவரும் நிரப்பி வருகின்றனர். மாதம் ஒரு தொகையைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடும் அந்த ஏற்பாடு பல வீடுகளுக்கு உயிர்நாடி. ஆனால் யாருக்கும் உறவோ அறிமுகமோ இல்லாத வீட்டை அது கண்டுபிடிக்காமலே போகக்கூடும்.

தொகையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2015 அளவில் மகாபொல மாதம் 5,000 ரூபாவானது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கி, சோற்றுப் பொதியின் விலை ஏறியபோதும் தொகை அசையவில்லை. வெளிமாவட்டங்களில் அறை எடுத்துப் படித்தவர்களை அந்த ஆண்டுகள் மிகவும் வாட்டின. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ரூபாவாகவும் பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.