திங்கள் புதன் வெள்ளி பிறந்த கதை

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் வாரக் கணக்கைச் சொல்லிவிடுவார். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி லெக். லெக் அன்று கூட்டம் பாதியாகிவிடும் என்பது வேறு விஷயம். மேடையேறி நிற்கும் பாடிபில்டர்களுக்காக உருவான கணக்கு இது. உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேலை வாங்க அவர்களுக்குக் காரணம் உண்டு. "எனக்குப் பலம் வந்தால் போதும்" என்று வருகிறவருக்கும் அதையே கொடுப்பதுதான் இடிக்கிறது.

பலத்துக்கென்று வேறொரு வாரக் கணக்கு ரொம்ப காலமாகவே இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி என மூன்றே நாள். மூன்று நாளும் முழு உடம்புக்கும் வேலை. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து பாரை இழுக்கும் பயிற்சி ஒன்று. பெரிதாக வேறு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை. 'ஃபைவ் பை ஃபைவ்' என்பார்கள். இதை யாரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு வியாபாரி, ஒரு ராணுவ டாக்டர், ஓர் ஆணழகன், ஒரு கோச் என்று முக்கால் நூற்றாண்டு கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் தன் முன்னால் நின்ற ஆளின் அளவுக்கு அதை வெட்டித் தைத்தார்கள்.

பலத்தின் கதை சொல்பவர்கள் கிரேக்க மல்லன் மைலோவில் தொடங்குவார்கள். கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கிச் சுமந்தானாம். கன்று காளையானபோதும் தூக்கினானாம். (மலேசியாவிலும் இலங்கையிலும் குடிக்கிற மைலோ பானத்துக்கு இவன் பெயர்தான்.) எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்கிற பாதி உண்மை இந்தக் கதையில் இருக்கிறது. மீதிப் பாதி இல்லை. கன்று ஞாயிற்றுக்கிழமை என்று வளராமல் நிற்காது. தூக்குகிறவனின் உடம்புக்கோ ஓய்வு நாள் வேண்டும்.

அந்த ஓய்வு நாளை அச்சிட்டு விற்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆலன் கால்வர்ட். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின்போது யூஜின் சாண்டோவின் பலப் பிரதாபங்களைப் பார்த்து மயங்கியவர். 1902-இல் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற பார்பெல்லைச் சாதாரண மக்களுக்கு விற்றார். வாங்கியவர்களுக்கு மாஸ்டர் கிடையாது, ஜிம் கிடையாது. அதனால் பார்பெல்லோடு பயிற்சிக் குறிப்பும் போக வேண்டியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள், முதலில் தடவையைக் கூட்டுங்கள், குறித்த எண்ணிக்கையைத் தொட்டதும் எடையை ஏற்றித் தடவையைக் குறையுங்கள், மறுபடி ஏறுங்கள். இவ்வளவுதான் குறிப்பின் சாரம். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் வீட்டு அறையில் தூக்குகிற ஆளை மனதில் வைத்து எழுதப்பட்ட கணக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை வேலை வாரத்தில் பொருத்தி, ஞாயிறையும் விட்டுவிட்டால், திங்கள் புதன் வெள்ளி தானாக வந்து நிற்கும்.

கால்வர்ட்டின் கணக்கு வேலை செய்தது. ஆனால் டாக்டர்கள் நம்பவில்லை. கனமான எடை தூக்கினால் தசை இறுகிப்போகும், இருதயம் வீங்கும், ஆள் மந்தமாவான் என்பதே அன்றைய படித்தவர்களின் கருத்து. அந்தக் கருத்தை உடைக்க ஒரு டாக்டரே வர வேண்டியிருந்தது.

தாமஸ் டெலோர்ம் 1917-இல் அலபாமாவில் பிறந்தவர். பதின்வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இனி உடம்பை வருத்தாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் கேட்கவில்லை. கிடைத்த பழைய இரும்பைக் கொண்டு எடை செய்து தூக்கித் தேறினான். பின்னால் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றை ராணுவம் வாங்கி ஆஸ்பத்திரியாக்கியிருந்த இடம் அது.

வார்டு நிறைய முழங்கால் போன சிப்பாய்கள். மாவுக்கட்டைப் பிரித்தால் தொடை சூம்பிக் கிடக்கும். அன்றைய வைத்தியம் லேசான எடையில் நிறைய தடவை காலை ஆட்டுவது, சைக்கிள் மிதிப்பது. மாதங்கள் ஓடும், தொடை தேறாது, படுக்கை காலியாகாது. டெலோர்ம் தன் பழைய அனுபவத்தை வார்டுக்குள் கொண்டுவந்தார். பாதத்தில் கட்டிக்கொள்ளும் இரும்புச் செருப்பு ஒன்று. அதில் எடை மாட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்ட வேண்டும். பத்து தடவை முடிகிற, பதினோராவது முடியாத எடை எதுவோ அதுதான் அந்த நோயாளியின் அளவு. வாரத்துக்கு ஒருமுறை அந்த அளவை மறுபடி எடுத்து, ஏறியிருந்தால் எடையை ஏற்றுவார். சூம்பிய கால்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேறின. 1945-இல் எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில் இதை எழுதினார். அதில் அவர் வைத்த வாதம் இன்றைக்கும் ஜிம்முக்குள் ஒட்டி வைக்கத் தக்கது: கனமான எடை, குறைந்த தடவை பலத்தைத் தரும், லேசான எடை, நிறைய தடவை தாக்குப்பிடிக்கும் சக்தியைத் தரும், ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது.

முதலில் அவர் ஏழு முதல் பத்து செட் வரை செய்யவைத்தார். பாஸ்டனில் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து 1948-இல் எழுதியபோது அவ்வளவு தேவையில்லை என்று தானே குறைத்துக்கொண்டார். முதல் செட் பாதி எடை, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. மூன்றிலும் பத்துப் பத்து. நம்மூர் மாஸ்டர்கள் 'மூணு செட், பத்து கவுண்ட்' என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறார்களே, அதன் ஊற்று இதுதான். முழங்கால் ஆபரேஷன் ஆன சிப்பாய்க்காகப் பிறந்த கணக்கு என்பது சொல்கிறவருக்கும் தெரியாது, செய்கிறவருக்கும் தெரியாது.

அடுத்து இங்கிலாந்து. லீட்ஸ் நகரத்து ரெக் பார்க் 1951, 1958, 1965 என மூன்று முறை மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்றவர். சினிமாவில் ஹெர்குலிஸாக நடித்தவர். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் சின்ன வயதில் படத்தை ஒட்டிவைத்துக் கும்பிட்ட ஆள். அழகுக்காக மேடையேறினாலும் பார்க்கின் ஆசை பலத்தில்தான் இருந்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ தூக்கிய முதல் சிலரில் ஒருவர். 1960-இல் அவர் வெளியிட்ட கையேட்டில் ஐந்துக்கு ஐந்து தெளிவாக இருக்கிறது. முதல் இரண்டு செட் ஏறுமுகம், அடுத்த மூன்று செட் ஒரே கனமான எடை. மூன்றிலும் ஐந்தைத் தொட்டால் அடுத்த முறை எடை ஏறும். கனமான செட்களுக்கு நடுவில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள்.

பத்து ஏன் ஐந்தானது? எடை ஏற ஏறப் பத்து தடவை எட்டாது. ஒன்று இரண்டு என்று தூக்கினால் புதியவரின் முதுகு தாங்காது. நடுவில் நின்றது ஐந்து. 1962-இல் ரிச்சர்ட் பெர்கர் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களை ஒன்பது குழுவாகப் பிரித்து 12 வாரம் பெஞ்ச் பிரஸ் செய்யவைத்துப் பார்த்தார். மூன்று செட், செட்டுக்கு ஆறு தடவை செய்த குழு முன்னால் வந்தது. பார்க் கைப்பழக்கத்தில் கண்டதற்குப் பக்கத்திலேயே ஆய்வும் வந்து நின்றது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஓர் இருட்டுச் சமாச்சாரம் நடந்தது. பென்சில்வேனியாவின் யார்க் நகரம் அன்றைய பளுதூக்கும் தலைநகரம். அங்கே பாப் ஹாஃப்மன் பார்பெல் கம்பெனியும் பத்திரிகையும் நடத்திவந்தார். 1960-ஐ ஒட்டி அவருடைய வீரர்கள் சிலர் திடீரென்று எகிறினார்கள். காரணம் ஒரு புதுப் பயிற்சி என்று பத்திரிகை எழுதியது: அசையாத பாரைச் சில விநாடி முழு பலத்தோடு தள்ளு, போதும். அதற்கான இரும்புச் சட்டத்தையும் விற்றார்கள். ஊரெல்லாம் வாங்கித் தள்ளிப் பார்த்தது, பலம் மட்டும் அப்படி எகிறவில்லை. விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. டாக்டர் ஜான் ஜீக்லர் அந்த வீரர்களுக்கு டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவந்திருந்தார். பயிற்சி வாங்கிய பெயரில் பெரும்பங்கு மாத்திரைக்குச் சேர வேண்டியது. நான் இந்தக் கதையில் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். இன்றைக்கும் சாம்பியன் செய்கிற அட்டவணை என்று ஒன்று கைபேசியில் வரும்போது, அந்தச் சாம்பியன் வேறு என்ன எடுத்துக்கொண்டார் என்பது அட்டவணையில் எழுதியிருக்காது. அந்த இரும்புச் சட்டம் மட்டும் வீண்போகவில்லை. ஸ்குவாட் செய்யும் பவர் ரேக்காக இன்றும் ஜிம்களில் நிற்கிறது.

அந்த யார்க் பத்திரிகையில் வேலை பார்த்த பளுதூக்கும் வீரர்தான் பில் ஸ்டார். 1970-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பலப் பயிற்சி கொடுக்கப் போனார். அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பௌல் கோப்பையை வென்றது. பிறகு கல்லூரி அணிகளிலும் வேலை செய்தார். அவர் முன்னால் நின்றவர்கள் பளுதூக்கும் வீரர்கள் அல்ல. ஓட வேண்டும், மோத வேண்டும், சாயங்காலம் மைதானப் பயிற்சிக்கும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். ஆள் நிறைய, நேரமும் சாமானும் கொஞ்சம். ஆகவே ஸ்டார் மூன்றே பயிற்சிகளை வைத்துக்கொண்டார். தோளுக்கும் நெஞ்சுக்கும் பெஞ்ச் பிரஸ், முதுகுக்குத் தரையிலிருந்து பாரை இழுத்துத் தோளில் ஏந்தும் பவர் கிளீன், இடுப்புக்கும் காலுக்கும் ஸ்குவாட். நாலு முதல் ஆறு செட், நாலு முதல் ஆறு தடவை நல்லது என்று ஆய்வு சொல்கிறதா, நடுவில் இருக்கிற ஐந்துக்கு ஐந்தை எடுத்துக்கொள்வோம், ஞாபகம் வைக்கவும் சுலபம் என்பது அவர் கணக்கு. ஐந்தில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதை அவரே மறைக்கவில்லை.

ஸ்டாரின் சொந்தப் பங்கு வாரத்துக்குள் இருக்கிறது. திங்கள் கனம், புதன் லேசு, வெள்ளி நடுத்தரம். மூன்று நாளும் முழுக் கனம் தூக்கினால் இளைஞன் மூன்றாவது வாரத்தில் சோர்ந்துபோவான். புதனை அடியோடு விட்டால் உடம்பு இறுகும், பழக்கம் விட்டுப்போகும். அதனால் புதன் வர வேண்டும், ஆனால் எடை இறங்க வேண்டும். வாலிபப் பிள்ளைகளிடம் எடையை இறக்கச் சொல்வதுபோல் கஷ்டமான வேலை ஜிம்மில் இல்லை. 1976-இல் இதையெல்லாம் கால்பந்து வீரர்களுக்கான புத்தகமாக எழுதி வெளியிட்டார். திங்கள் புதன் வெள்ளி அதில்தான் முழு உருவம் பெற்றது என்பது என் கணிப்பு.

ஸ்டாரிடம் கற்றவர்களில் ஒருவர் டெக்சஸ் மாநிலம் விச்சிட்டா ஃபால்ஸில் ஜிம் நடத்திய மார்க் ரிப்பட்டோ. அவரிடம் வந்தவர்கள் பாரையே தொடாத புதியவர்கள். அவர்களுக்கு ஐந்து செட் அதிகம் என்று மூன்றாகக் குறைத்தார். லேசான நாளையும் எடுத்துவிட்டார். புதியவர் தூக்குகிற எடையே குறைவு, இரண்டு நாளில் உடம்பு தேறிவிடும். எனவே வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதை விட்டு, வருகிற ஒவ்வொரு நாளும் ஏற்றலாம் என்றார். 2005-இல் அவர் கூட்டாக எழுதிய புத்தகம் இந்தக் கணக்கை உலகமெங்கும் கொண்டுபோனது. தொடக்கத்து ஏற்றத்துக்குக் காரணமும் தெரிந்ததுதான். முதல் சில வாரங்களில் தசை பெருப்பதைவிட நரம்புகள் தசையை ஏவப் பழகுவதுதான் அதிகம் என்று 1979-லேயே ஆய்வாளர்கள் மோரிட்டானியும் டிவ்ரீஸும் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நாளுக்கு 2.5 கிலோ என்றால் வாரத்துக்கு 7.5, வருஷத்துக்கு 390 கிலோ. யாராலும் ஆகாது. சில மாதத்தில் நின்றே தீரும். நின்றதும் அட்டவணை மோசம் என்று ஆள் மாறுவார், புரோட்டீன் டப்பா மாறும், ஜிம்மும் மாறும். நின்ற இடத்தில் செய்ய வேண்டியது ஸ்டாரின் வாரத்துக்குத் திரும்புவது: ஒரு கனமான நாள், ஒரு லேசான நாள், ஒரு நடுத்தர நாள், ஏற்றம் வாரத்துக்கு ஒருமுறை மட்டும்.

மொத்த வேலை ஒரே அளவாக இருந்தால் அதை மூன்று நாளாகப் பிரித்தாலும் நாலாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்றே பின்னாள் ஆய்வுகள் சொல்கின்றன. வியாழன் விடுமுறை உள்ளவர் செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொண்டால் குடி முழுகாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு மூன்று நாள், முழு உடம்பு, மூன்று செட், ஐந்து தடவை. ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ முதுகுத் தொந்தரவோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஸ்குவாட்டைக் காலி பாரில் பழகுங்கள். அதுவே 20 கிலோ. பல ஜிம்களில் 1.25 கிலோ பிளேட் மூலையில் தூசி படிந்து கிடக்கும். வெட்கப்படாமல் கேட்டு வாங்கி மாட்டுங்கள். அன்றன்று தூக்கியதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.