வினாவுத்தரமும் திருவேகம்பமும்

ஒரு சொல்லை மறைத்து வைத்து, மறைத்த இடத்திற்கு வழிகாட்டும் குறிகளையும் உடன்வைத்துப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் பழைய வழக்கம். தொல்காப்பியர் தம் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒருங்கு வைத்து எண்ணினார். உவமையாற் குறிப்பது ஒன்று, வெளிப்படத் தோன்றுவதைக் கூறி ஒளிந்ததைத் துணியச் செய்வது ஒன்று என அதனை இருவகையாகவும் பகுத்தார். இன்று நாம் விடுகதை என்று பெயரிட்டுச் சிறுவர்க்கு ஒதுக்கிவிட்ட பொருளே அது. தொல்லாசிரியர் அதனை ஒதுக்கவில்லை. நூலும் உரையும் இருக்கும் வரிசையிலேயே இருத்தினார்.

பின்வந்தோர் இதனை மிறைக்கவி என்றும் சித்திரகவி என்றும் பெயர் தந்து வளர்த்தனர். மிறையென்பது வருத்தம். பாடுவோனுக்கும் வருத்தம், பொருள் காண்போனுக்கும் வருத்தம். யாப்பருங்கல விருத்தியுரை இவ்வகைகளை எடுத்தோதும். பன்னிரண்டாம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படும் தண்டியலங்காரம், கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாகப் பன்னிரண்டு வகை கூறும். அப்பன்னிரண்டையும் விரிக்க மலரில் இடமில்லை. யான் எடுத்துக்கொண்டது வினாவுத்தரம் என்னும் ஒன்றே. வினாக்கள் பல தொடுத்து, அவற்றின் விடைகளை முறையே கூட்ட, ஈற்று வினாவிற்குரிய விடை தானே அமையுமாறு பாடுவது வினாவுத்தரம்.

தண்டியலங்கார உரையில் இதற்குக் காட்டிய வெண்பா சைவ அன்பர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது. பாட்டை இங்கே பெயர்த்தெழுதவில்லை. அதன் பொருளை மட்டும் கூறுவேன். பூவில் உறையும் மகள் யார் என்பது முதல் வினா, விடை, திரு. போகின்றவனை ஏவுவோன் என்ன சொல்லுவான் என்பது இரண்டாவது, ஏகு. போரில் விடும் சரத்திற்குப் பெயர் யாது என்பது மூன்றாவது, அம்பு. அழகிற்குப் பெயர் என்ன என்பது நான்காவது; அம். இனி ஐந்தாம் வினா: பிறைசூடும் பெருமான் உவந்து உறையும் இடம் யாது? முன் நான்கு விடைகளையும் கூட்டிப் பாருங்கள். திருவேகம்பம் என்று காஞ்சித் திருக்கோயில் கண்முன் வந்து நிற்கும்.

இவ்விடத்தில் விரைந்து போய்விடலாகாது. இந்நான்கு சொற்களும் எவ்வாறு கூடின என்று காண்டல் வேண்டும். திரு என்பது இரு குறில் இணைந்து நின்ற சொல். ஆகலின் அதன் ஈற்றுகரம் முற்றியலுகரம். அது கெடாது நின்று, வகர உடம்படுமெய் பெற்றுத் திருவேகு என்றாயிற்று. ஏகு என்பதோ நெட்டெழுத்தின் பின் வந்த உகரத்தை உடையது; அது குற்றியலுகரம். ஆகவே உயிர் வந்தபோது தன் உகரம் கெட்டு, ஏகம்பு என்றாயிற்று. அம்பு என்பதன் உகரமும் மெல்லெழுத்தைத் தொடர்ந்த குற்றியலுகரமாகலின் அவ்வாறே கெட்டு, அம்பம் என்றாயிற்று. ஒரு திருப்பெயருக்குள் மூன்று புணர்ச்சி. மூன்றும் விதி வழுவாதவை. இது மட்டுமன்று. ஏகு என்னும் ஏவலும், அம்பு என்னும் படைக்கலமும், அம் என்னும் அழகும் திருவேகம்பத்துள் தம் பொருளோடு இல்லை. அப்பெயர் ஒற்றைமாவைப் பற்றி வந்தது என்பர். பகுத்தபோது பிறந்த பொருள்கள் கூட்டியபோது மறைந்துவிட்டன. மறைத்தல் என்பது இதுவே.

இதனை யான் அறிந்தது ஏட்டினால் அன்று. தவறு செய்து அறிந்தேன். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், திருமடமொன்றில் தங்கிப் பயின்ற காலத்தில், மாலை வழிபாடு முடிந்தபின் எங்கள் ஆசிரியர் மாணாக்கரைத் திண்ணையில் இருத்தி, ஏதேனும் ஒரு தலத்தின் பெயருக்கு வினாவுத்தரம் அமைத்து வருமாறு பணிப்பார். முதல் நாள் யான் மதுரையை எடுத்தேன். வண்டு தேடுவது யாது? மது. நூலுக்குப் புலவன் செய்வது யாது? உரை. இரண்டும் சேர்ந்தால் மதுரை என்று மகிழ்ந்து போய் நின்றேன். ஆசிரியர் சிரித்தார். “தம்பி, மதுவும் உரையும் புணர்ந்தால் மதுவுரை ஆகும். முற்றியலுகரத்தை உன் வசதிக்கு ஓட்டிவிட்டாயே” என்றார். “ஐயா, முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என்று நன்னூலார் இடம் தந்திருக்கிறாரே” என்று வாதாடினேன். “அது உலக வழக்கில் முன்னரே உள்ளதற்குத் தந்த இடம். நீ இன்று உண்டாக்கியதற்குத் தந்ததன்று. விடை காண்பவன் விதியை நம்பி வருகிறான். நீ விதிவிலக்கில் ஒளிந்துகொண்டால் அவன் எங்கே தேடுவான்?” என்றார்.

மறுநாள் திருவாரூரைக் கொண்டுபோனேன். திரு முன்போலவே. சோழர் சூடும் ஆத்திக்குப் பெயர் ஆர். மக்கள் வாழும் இடம் ஊர். புணர்ச்சியில் குற்றமில்லை. ஆயினும் ஆசிரியர் தலையசைக்கவில்லை. “ஊருக்குள்ளே ஊரை ஒளித்துவைத்தாயே, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு எங்கே என்று கேட்பது போல இருக்கிறது” என்றார். பிறகு தாமே திருத்தினார். குதிரை மேல் இருப்பவனை ஏவுவது எவ்வாறு என்று வினவும்படி சொன்னார். ஊர்தல் என்னும் வினையின் ஏவலும் ஊர் தானே! எழுத்து ஒன்றும் மாறவில்லை. வினா மட்டும் மாறிற்று. ஊர் என்ற சொல் என் கண்ணெதிரே முற்றும் வேறொரு சொல்லாக மாறியதை இன்றும் மறவேன்.

இவ்வகைக்கு அடுத்த உறவினர் இருவர் உண்டு. எழுத்துவருத்தனம் ஓரெழுத்தாக வளர்ப்பது: கம், நகம், கனகம், கோகனகம் என வளர, தலை, மலை, பொன், தாமரை என்று பொருள் தாவிச் செல்லும். அக்கரச்சுதகம் ஓரெழுத்தாகக் குறைப்பது: கனகாரி என்றால் இரணியன் பகைவராகிய நரசிங்கர், முதலெழுத்தை நீக்கினால் நகாரி, மலையைப் பிளந்த முருகப் பெருமான், மேலும் ஒன்றை நீக்கினால் காரி, ஐயனார். காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என்பன ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டையே வைப்பன.

இனி, இம்மலரில் ஆங்கிலேயர் செய்தி ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். நாளிதழ்களில் வரும் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரை என் பேரன் நாடோறும் விடுவிப்பான். ஒருநாள் அதன் முறையை எனக்கு விளக்கினான். குறிப்பின் ஒரு பகுதி விடைச்சொல்லின் பொருளை உரைக்கும். மற்றொரு பகுதி அச்சொல்லைத் துண்டங்களாக்கித் துண்டத்திற்கொரு பொருள் உரைக்கும். இருவழியும் ஒரே சொல்லிற் கூடினால் விடை சரி. கேட்டவுடன் யான், “இது திருவேகம்பம் அன்றோ!” என்றேன்.

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது அமெரிக்காவில். இலிவர்ப்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு என்னும் நாளிதழில் 1913 டிசம்பர் 21-இல் முதற்புதிரை வெளியிட்டார். அதிலிருந்தவை நேர்ப்பொருட் குறிப்புக்களே. சொல்லைப் பகுத்து மறைக்கும் முறை 1920-களில் இங்கிலாந்தில் தழைத்தது. அப்சர்வர் என்னும் வார இதழில் 1926 முதல் 1939-இல் இறக்கும் வரை அவ்வகைப் புதிர்களை இயற்றியவர் எட்வர்டு பவிஸ் மேதர்ஸ். டார்க்கெமாடா என்பது அவர் புனைபெயர். சமயத்தின் பெயரால் மக்களை வதைத்த இசுபானியத் தண்டநாயகன் ஒருவனுடைய பெயர் அது! இம்மேதர்ஸ் வடமொழிப் பில்கணன் பெயரால் வழங்கும் சௌரபஞ்சாசிகையை 1919-இல் ஆங்கிலப் பாட்டாக்கியவர் என்பதும் அறியத்தக்கது. இதனைக் கொண்டு நம் சித்திரகவியைப் பார்த்தே அவர் புதிர் செய்தார் என்று மேடையில் முழங்குவார் இருப்பின், யான் அவர் கட்சியில் இல்லேன். அதற்குச் சான்றில்லை. ஒரே வேட்கை இரு நாட்டிலும் ஒரே வழியைக் கண்டது என்பதே போதிய வியப்பு.

அவருக்குப் பின் அவ்விடத்தில் அமர்ந்தவர் டெரிக் சாமர்செட் மக்நட் என்னும் பள்ளியாசிரியர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். அவரும் சிமனீஸ் என்னும் மற்றொரு தண்டநாயகன் பெயரையே சூடினார். 1966-இல் அவர் எழுதிய நூல் இக்கலைக்கு இலக்கணமாயிற்று. விடையின் பொருள் பிழையின்றி உரைக்கப்படல் வேண்டும், பகுப்பு நேர்மையாகக் காட்டப்படல் வேண்டும், இவ்விரண்டின் மேல் வேறொன்றும் இருத்தல் கூடாது என்பது அதன் சாரம். பேரன் இதனைப் படித்துச் சொன்னபோது திண்ணையில் கேட்ட குரலே எனக்குக் கேட்டது. ஆனால் ஒரு வேற்றுமை: ஆங்கிலத்தில் துண்டங்கள் அருகருகே நின்றாற் போதும்; நமக்கோ அவை புணர வேண்டும். அவர் செங்கல் அடுக்குகிறார். நாம் பொன்னை உருக்கி ஒட்டுகிறோம்.

மறைத்துச் சொல்வதனால் பயன் யாது? காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்தவர் எனப்படும் வடமொழித் தண்டியாசிரியர் தம் காவியாதரிசத்தில் இதற்கு மூன்று பயன் கூறினார்: அவையோர் கூடிக் களித்தல், கூட்டத்தின் நடுவே அறிந்தாரோடு மட்டும் பேசுதல், பிறரை மயக்குதல். இரண்டாவதை யான் ஏட்டுச் செய்தி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 1958 முதல் கார்டியன் இதழில் புதிர் இயற்றிய ஜான் கால்பிரெய்த் கிரகாம் என்னும் கிறித்தவப் பாதிரியார் அரௌகாரியா என்ற புனைபெயர் பூண்டவர். 2013 சனவரியில், தமக்கு 18 உள்ளது, அது 19-இல் உள்ளது என்னும் கருத்துப்படப் புதிரின் தலைப்பில் ஒரு குறிப்பு வைத்தார். கட்டங்களை நிரப்பியோர் கண்ட விடைகள், புற்றுநோய், உணவுக்குழாய் என்பன. நோயைத் தீர்க்காது துன்பத்தைத் தணிக்கும் மருத்துவமே நடைபெறுகிறது என்பதும் அங்கேயே இருந்தது. நோயை ஊரறியக் கூவாமலும், தம்மோடு பல்லாண்டு பழகிய வாசகர்க்கு ஒளிக்காமலும் கூறிவிட்டார். அவ்வாண்டு நவம்பர் 26-இல், 92-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மூன்றாவது பயனாகிய மயக்குதலுக்கும் நம் நாடே சான்று தந்தது. 1930-களில் தமிழ் இதழ்கள் உட்படப் பல இதழ்கள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தின. ஒரு கட்டத்திற்கு இரண்டு மூன்று சொற்கள் ஒப்பப் பொருந்துமாறு குறிப்பமைத்து, விடையை உறையிலிட்டு முத்திரை வைப்பதே அவற்றுட் பலவற்றின் முறை. அறிவினால் விடை காண இயலாது. கட்டணம் செலுத்தி நற்பேற்றை நம்ப வேண்டியதுதான். இது மறைத்தலன்று, சூது. 1955-இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றி, ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மிகுந்த பரிசு வைத்தலைத் தடுத்தது.

மிறைக்கவி நமக்குச் செய்த நன்மை வேறொன்றும் உண்டு. ஆளுடைய பிள்ளையார் சீகாழிக்கு அருளிய திருமாலைமாற்று மூன்றாம் திருமுறையில் 117-ஆம் பதிகம், பாட்டுக்கள் 11. ஒவ்வொன்றும் இறுதியிலிருந்து திருப்பிப் படிப்பினும் அதுவே. முதற்பாட்டில் அடிக்கு 14 ஆக 28 எழுத்து, அத்தனையும் நெட்டெழுத்து. பழைய ஏடுகளிலோ நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவின. மா என்று எழுதியதை மர என்றும் படிக்கலாம். ஏடெழுதுவோர் மயங்கிய இடங்கள் பிற நூல்களில் எத்தனையோ உள. இங்கே மயங்க வழியில்லை. மர என்று இரண்டெழுத்தாகக் கொண்டால், எதிர்ப்புறத்தில் அதற்கு நேராக ரம என்று இருத்தல் வேண்டும். அங்கேயும் மா என்றே இருத்தலின், அது கால்தான் என்று பாட்டே தீர்ப்புக் கூறிவிடும்.

ஏடு காத்ததை அச்சு காக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓரூர்த் திருக்குடமுழுக்கு மலரில் இப்பதிகத்தைச் சேர்த்தபோது, அச்சுப்படி திருத்தியவர் பொருள் விளங்காத இரண்டிடங்களைத் தாமே ‘திருத்தி’ விட்டார். ஓசை கெடவில்லை, ஓதினவர்க்கும் தெரியவில்லை. ஆனால் பாட்டு திரும்ப மறுத்துவிட்டது. மலர் ஆயிரம் படி பரவியபின் முதியவர் ஒருவர் அஞ்சலட்டையில் அவ்விரண்டெழுத்தையும் மட்டும் எழுதி, கீழே தம் பெயரும் இடாமல் எனக்கு அனுப்பியிருந்தார். பதிப்புக் குழுவில் என் பெயரும் இருந்தது.

ஆகலின் இம்முறை பதிக அச்சுப்படி வந்த அன்றே பேரனை எதிரில் இருத்தினேன். அவன் முதலிலிருந்து ஓரெழுத்தாகச் சொல்ல, யான் இறுதியிலிருந்து ஓரெழுத்தாகச் சொல்லிவந்தேன். பத்துப் பாட்டுக்களில் இருவர் வாயிலும் ஒரே எழுத்து ஒருங்கே ஒலித்தது. ஒரு பாட்டில் மட்டும் அவன் ஒன்று சொன்னான், யான் ஒன்று சொன்னேன். அன்று மாலையே அச்சகத்தார்க்கு எழுதியனுப்பினேன்.