காட்டுச் சாலையில் ஒரு பந்தயம் – 4: பூட்டிய கேட்டுக்கு அப்பால்

1959 நவம்பர். ஸ்காட்லாந்து மலையில் பனி கொட்டுகிறது. டொமிண்டுலிலிருந்து பிரேமாருக்குப் போகும் சாலை அடைபட்டுவிட்டது. ஆர்.ஏ.சி. ராலிக்கு வந்த கார்கள் விளக்கை எரியவிட்டபடி வழியில் நிற்கின்றன. சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

சில ஓட்டுநர்கள் வரைபடத்தை விரித்தார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனால் பிரேமாரை எட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, வண்டியைத் திருப்பினார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் தலையில் தண்டனைப் புள்ளிகள் விழுந்தன.

கடைசியில் ஃபோர்டு ஸெஃபிர் ஓட்டிய ஜெரால்ட் பர்ஜஸ் வெற்றி பெற்றதாக அறிவிப்பு வந்தது. உடனே ஆட்சேபமும் வந்தது. ஜெர்மனியின் வுல்ஃப்காங் லெவி அந்த வருட ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியில் இருந்தவர். சாலையே அடைபட்ட பிறகு அந்தப் பகுதியை எப்படிக் கணக்கில் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பின் கேள்வி. ஆட்சேபம் எடுபடவில்லை. பர்ஜஸின் வெற்றி நின்றது. பட்டம் பிரான்ஸின் பால் கோல்டெலோனிக்குப் போனது.

தீர்ப்பு முடிந்தது, உறுத்தல் முடியவில்லை. பல நாள், பல நூறு மைல் தூங்காமல் கார் ஓட்டியவர்களில் யார் சிறந்தவர் என்பதை ஒரு பனிக்குவியலும் ஒரு விசாரணை அறையும் முடிவு செய்திருந்தன. அந்த உறுத்தலைத் தன் சொந்தப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார். ராலியின் அமைப்பாளர் ஜாக் கெம்ஸ்லி.

★

கெம்ஸ்லிக்கு என்ன நெருக்கடி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆர்.ஏ.சி. ராலி முதன்முதலில் 1932-ல் நடந்தது. நாட்டின் வெவ்வேறு ஊர்களிலிருந்து கிளம்பி எல்லோரும் டார்க்கி கடற்கரையில் வந்து கூட வேண்டும். போருக்குப் பிறகு 1951-ல் அது சர்வதேசப் போட்டியாக மறுபடி எழுந்தது. ஆனால் அடிப்படைக் குணம் மாறவில்லை. இரவெல்லாம் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். பகலில் ஒரு திடலில் கம்பங்களுக்கு நடுவே வண்டியை வளைத்து, பின்னால் எடுத்து, கோட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டுவதன் பெரிய வடிவம். வெற்றியும் தோல்வியும் அங்கேதான் தீர்மானமாயின.

ஏன் நேராகச் சாலையில் வேகமாக ஓட்டவிட்டு நேரம் குறிக்கவில்லை? சட்டம் குறுக்கே நின்றது. 1903-லேயே பிரிட்டன் மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு போட்டது. அதே வருடம் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் பிரிட்டன் பொறுப்பில் நடக்க வேண்டியிருந்தபோது, அதை அயர்லாந்துக்குக் கொண்டுபோய், அதற்கென்றே தனிச் சட்டம் போட்டு நடத்தினார்கள். பொதுச் சாலையை மூடிப் பந்தயம் விட வேண்டுமானால் நாடாளுமன்றமே மனம் வைக்க வேண்டும் என்ற நிலை அதன் பிறகும் தொடர்ந்தது.

பின்லாந்துக்காரர்கள் 1951-லிருந்து யூவாஸ்கூலாவைச் சுற்றி ‘ஆயிரம் ஏரிகள் ராலி’ நடத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனிலும் ராலி வேரூன்றியிருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் கப்பிச் சாலையிலும் பனியிலும் கார் ஓட்டியே பழகியவர்கள். பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் கம்பங்களுக்கு நடுவே வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேகமாக ஓட்ட ஒரு சாலை வேண்டும். அது பொதுச் சாலையாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு சாலை பிரிட்டனில் எங்கே இருக்கிறது?

★

விடை மரங்களுக்குள் ஒளிந்திருந்தது.

முதல் உலகப் போரில் பிரிட்டன் மரத்துக்குத் தவித்தது. பதுங்குகுழிகளுக்குப் பலகை வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களின் கூரை இடியாமல் தாங்க முட்டுக்கால்கள் வேண்டும். கடலிலோ ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நாட்டு நிலப்பரப்பில் காடு சுமார் 5 சதவிகிதம்தான் மிஞ்சியிருந்தது. இன்னொரு முறை இந்த நிலை வரக் கூடாது என்று 1919-ல் ‘ஃபாரஸ்ட்ரி கமிஷன்’ என்ற அரசு வனத்துறையை உருவாக்கினார்கள்.

அந்தத் துறை மொட்டை மலைகளை வாங்கி ஊசியிலை மரங்களை நட்டது. அவற்றில் முக்கியமானது வட அமெரிக்காவிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ். இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள கீல்டர் காட்டில் 1926-ல் நடவு தொடங்கியது. மனிதன் நட்ட காடுகளில் இங்கிலாந்திலேயே பெரியது அது.

நட்ட மரத்தை ஒருநாள் வெட்ட வேண்டும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்ற வேண்டும். அதற்குச் சாலை வேண்டும். மலைக்குள் பாறையை உடைத்துக் கப்பி பரப்பி, இரண்டு பக்கமும் வடிகால் வெட்டி, மைல் கணக்கில் சாலைகள் போட்டார்கள். அவை வனத்துறையின் சொந்தச் சாலைகள். வாசலில் கேட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பொதுச் சாலைக்கான வேக வரம்பு அந்தக் கேட்டோடு நின்றுவிட்டது.

கெம்ஸ்லி கண்டது அந்தக் கேட்டைத்தான். ஆனால் சாவி இன்னொருவர் கையில் இருந்தது. மரம் வளர்ப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் அரசுத் துறை, நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் கப்பியைக் கிளறிக்கொண்டு பறக்கத் தன் சாலையை ஏன் கொடுக்க வேண்டும்? சாலை கெட்டால் யார் சரிசெய்வது? யாராவது அடிபட்டால்?

★

கெம்ஸ்லி மொத்தக் காட்டையும் ஒரே நாளில் கேட்கவில்லை. 1960 ராலிக்கு அவருக்குக் கிடைத்தது ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் ஒரு காட்டுச் சாலை. நீளம் 2 மைல். ராலியின் முழுத் தூரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அந்த வருடம் பிளாக்பூலில் கிளம்பிய கார்களில் ஒன்று ஸ்வீடனின் ஸாப் 96. மூன்று சிலிண்டர், 841 சி.சி., பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். நம் ஊர் பழைய ஸ்கூட்டர்களின் ஜாதி. சக்தியில் பெரிய கார்களுக்கு அருகில் நிற்க முடியாத வண்டி. ஓட்டியவர் எரிக் கார்ல்சன், ஆறடிக்கு மேல் உயரமான ஆள். பக்கத்தில் வரைபடத்தோடு இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டர்னர்.

கார்ல்சனுக்கு ஊரில் ஒரு செல்லப்பெயர் உண்டு: ‘கூரைமேல் கார்ல்சன்’. ஸ்வீடன் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் கதையில் வரும் பாத்திரத்தின் பெயர் அது. காரைக் கூரை தரையில் படும்படி உருட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் போகிறவர் என்பதால் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அவர் எஞ்சின் வேகத்தைக் குறைய விடமாட்டார். வளைவில் வலது கால் ஆக்சிலேட்டரிலேயே இருக்கும், இடது கால் பிரேக்கை அழுத்தும். சிறிய எஞ்சினை விட்டுப்பிடித்தால் மறுபடி வேகம் எடுக்க நேரமாகும் என்பதால் பிறந்த உத்தி அது.

1960 ராலியை வென்றவர் கார்ல்சன். திடலில் கம்பம் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த 2 மைல் ஒரு செய்தி சொன்னது: காட்டுச் சாலையில் எஞ்சின் அளவைவிட ஓட்டுகிறவனின் கையும் காலும் பெரிது.

வனத்துறைக்கும் அது ஒரு செய்தி சொன்னது. காடு எரியவில்லை. கேட் மறுபடி பூட்டப்பட்டது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. அடுத்த வருடம், 1961-ல், கெம்ஸ்லிக்கு வனத்துறை திறந்துவிட்ட காட்டுச் சாலைகள் சுமார் 200 மைல்.

★

2 மைல் 200 மைல் ஆனால் வேலை எத்தனை மடங்கு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு காட்டுப் பகுதியும் ஒரு ‘ஸ்பெஷல் ஸ்டேஜ்’. அதன் தொடக்கத்தில் ஒரு கடிகாரம், முடிவில் ஒரு கடிகாரம். இரண்டும் ஒன்றுக்கொன்று நொடி பிசகாமல் இருக்க வேண்டும். கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். முடிவுக் கோட்டைக் கார்கள் முழு வேகத்தில் தாண்டும், ஆகவே அதற்கப்பால் நிற்பதற்கும் இடம் விட வேண்டும். கிளைச் சாலை பிரியும் ஒவ்வொரு முனையிலும் அம்புக்குறி வேண்டும். அம்பு மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். காட்டில் வேலை செய்கிறவரோ, நாயோடு நடக்க வந்தவரோ தெரியாமல் உள்ளே வந்துவிட்டால் தடுக்க வேண்டும் அல்லவா?

போட்டிக் கார்களுக்கு முன்னால் ஒரு கார் போய்ப் பாதை காலியா என்று பார்க்கும். எல்லோரும் போன பிறகு கடைசியாக ஒரு கார் வந்து, பள்ளத்தில் யாராவது கிடக்கிறார்களா என்று பார்த்துப் பாதையை மூடும். இன்று உலகில் எந்தக் காட்டில் ராலி நடந்தாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

இந்த வேலைகளைச் செய்தவர்கள் யார்? அந்தந்த ஊர் மோட்டார் கிளப்புகளின் உறுப்பினர்கள். பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். நவம்பர் இரவில், மழையில், ஃபிளாஸ்க் தேநீரோடு, முகம் தெரியாத கார்களுக்காக ஒரு முனையில் மணிக்கணக்கில் நின்றவர்கள். சம்பளம் இல்லை.

நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவரை எத்தனை பேர் பார்க்கிறோம்? அவர் கணம் தவறினால் தேர் வீட்டுத் திண்ணைக்குள் ஏறிவிடும். காட்டு ராலியில் முனைக்கு முனை நின்ற இந்த மார்ஷல்கள்தான் அந்தக் கட்டைக்காரர்கள். இந்த விளையாட்டின் வரலாற்றை ஓட்டுநர் பெயர்களை மட்டும் வைத்து எழுதுவது பாதி வரலாறுதான் என்பது என் உறுதியான கருத்து.

கெம்ஸ்லி இன்னொன்றையும் செய்தார். எந்தெந்தக் காடு என்பது ரகசியம். முன்கூட்டிப் போய் ஓட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்த வளைவு என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளவும் முடியாது. இருட்டில், முன்பின் தெரியாத சாலையில், கண்ணை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். இந்த ‘குருட்டு ஓட்டம்’ 1990 வரை நீடித்தது. அந்த வருடம்தான் வழிக்குறிப்புகள் எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

★

பலன்? 1961-லும் கார்ல்சன். 1962-லும் கார்ல்சன். தொடர்ந்து மூன்று வருடம். 1961-ல் இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண்: இங்கிலாந்தின் பேட் மாஸ். அவர் ஓட்டிய ஆஸ்டின்-ஹீலி காரின் எஞ்சின் கார்ல்சனுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரியது. 1963-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

1963-லும் 1964-லும் ஸ்வீடனின் டாம் ட்ரானா வென்றார். 1965-ல் மினி கூப்பரில் பின்லாந்தின் ரௌனோ ஆல்டோனென். 1966-ல் மறுபடி ஸ்வீடன்: பெங்ட் ஸோடர்ஸ்ட்ரோம். அதே 1966-ல் அதற்கு முந்தைய வருட ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஜிம் கிளார்க்கும் காட்டுக்குள் இறங்கிப் பார்த்தார். கார் உருண்டு, பாதியிலேயே போட்டியிலிருந்து வெளியேறினார்.

பிரிட்டிஷ் அமைப்பாளர் பிரிட்டிஷ் காட்டைத் திறந்தார். உள்ளே புகுந்து பரிசை அள்ளியவர்கள் வடக்கத்தியர்கள். தன் நாட்டுக்காரன் தோற்பான் என்று தெரிந்த பிறகும் கெம்ஸ்லி கம்பங்களுக்குத் திரும்பவில்லை. போட்டி நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் நின்றார். நல்ல அமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அவர் அதில் தேறினார்.

1967 நவம்பர் வந்தது. கார்கள் வந்து சேர்ந்துவிட்டன. காட்டுப் பகுதிகள் தயார். கடிகாரங்கள் தயார். மார்ஷல்கள் தயார். மறுநாள் காலை கொடி அசைய வேண்டும்.

அதற்கு முந்தைய மாதமே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் ஒரு பன்றி நொண்ட ஆரம்பித்திருந்தது. அந்த நோய் இப்போது பண்ணை பண்ணையாகத் தாவிக்கொண்டிருந்தது. கெம்ஸ்லி எட்டு வருடமாகக் கட்டியதை நிறுத்தும் வலிமை ஒரு கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இருந்தது.

கொடி அசைந்ததா? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)